குரல் வேண்டுமா

குட்டாய்சி விமான நிலையத்தில்
விடியாத நான்கு மணிக்கு விழித்திருந்தவை
மூன்று சிம் கார்டு கடைகளும்
ஒரு நாயும்.

ஊதாக் கடையில் ஏழு நாள், கணக்கில்லாத டேட்டா.
பச்சைக் கடையில் முப்பது நாள், பத்து ஜிபி,
மலையுச்சிவரை சிக்னல் வரும் என்று ஒரு பனிப்படம்.
சிவப்புக் கடையில் ஆள் இல்லை.
வளையல் வளையலாக ஏதோ எழுதிய சீட்டு மட்டும்.
"இதோ வருகிறேன்" என்றிருக்கும்,
அல்லது "வரமாட்டேன்" என்று.

எனக்குப் பத்து நாள் வேலை.
நகர மருத்துவமனையில் இரண்டு டயாலிசிஸ் எந்திரங்களுக்கு
பம்பு மாற்ற வேண்டும்.
ஏழுக்கும் முப்பதுக்கும் நடுவே
பத்து நாள்காரனுக்கென்று யாரும் திட்டம் போடுவதில்லை.

பச்சைக் கடை நெஸ்தான்
பாஸ்போர்ட்டைப் படம் பிடித்தபடி கேட்டாள்:
குரல் வேண்டுமா, டேட்டா போதுமா?
குரலுக்கு எட்டு லாரி அதிகம்.

லாரி என்றால் இங்கே காசு.
எங்களுக்கு மணல் ஏற்றுவது.
சிரித்துக்கொண்டே சொன்னேன்:
இந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும்,
டேட்டா போதும்.

காதிலிருந்து கம்மலைக் கழற்றி
அதன் முனையால் குத்தி
என் பழைய சிம்மை வெளியே எடுத்தாள்.
பதினைந்து வருடமாக நானாக இருந்த எண்,
நகத்தில் பாதி.
பில்லோடு டேப் போட்டு ஒட்டித் தந்தாள்.
வருகிற அழைப்புக்குக் காசில்லை
என்று அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை ஆறரை.
தெரியாத எண்.
"மாமா?"

ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து
யாருக்கடா நான் மாமா?
அக்கா மகனுக்கு இந்த எண் தெரியாது.
தெரிந்தாலும் கூப்பிடுகிறவன் இல்லை.
"சொல்லுடா" என்றேன், வாய் தவறி.
எதிர்முனை ஒரு கணம் மூச்சைப் பிடித்தது.
பிறகு கொட்டியது.
தொண்டையில் உடைகிற ககரங்கள், ஒரு சிரிப்பு,
நடுவே குரைத்த நாய்க்கு ஓர் அதட்டல்.
"ம்" என்றேன்.
எந்தக் கடையில் வாங்கிய சிம்மிலும்
"ம்" செல்லுபடியாகும்.

நான்காம் நாளும். ஐந்தாம் நாளும்.
ஆறேகாலுக்கே கையில் ஒட்டிய பசையைக்
கழுவத் தொடங்கியிருந்தேன்.

ஆறாம் நாள் நர்ஸ் எத்தேரி பக்கத்தில் நின்றாள்.
உனக்கு இங்கே பிள்ளை இருக்கிறதா, என்றாள்.
ஏன்?
மாமா என்றால் எங்களுக்கு அப்பா.

போனை அவளிடம் கொடுத்தேன்.
நோயாளி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து
இரண்டு நிமிடம் பேசினாள்,
பெரும்பாலும் கேட்டாள்.
ஆறு வயது, பெயர் சாபா,
இது முன்பு அவன் அப்பாவின் நம்பர்.
அவ்வளவுதான் எனக்குச் சொன்னாள்.
அப்பா எங்கே என்று நான் கேட்கவில்லை.
ஏற்கெனவே துண்டாகிவிட்ட அழைப்பைத்
துண்டிக்கும் பொத்தானை
அவள் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆறரைக்கு மணி அடித்தது.
ஈரக் கையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.
பதினோரு முறை.
எட்டாம் நாள் நான்கு முறை.
அப்புறம் எந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும்.
பம்பு சரியாகத்தான் ஓடியது.

திரும்பும்போதும் நெஸ்தானுக்கு இரவு வேலை.
மிச்ச டேட்டாவுக்குக் காசு திரும்ப வராது, என்றாள்.
வேண்டாம்.
இந்த எண் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?
கடைசி ரீசார்ஜிலிருந்து தொண்ணூறு நாள்.
பிறகு வேறொருவருக்குப் போகும்.

ஐந்து லாரி வைத்தேன்.
ஊருக்குப் போகிறவனுக்கு எதற்கு என்று
பார்த்தாளே தவிர கேட்கவில்லை.
வழக்கமான கேள்வியைத்தான் கேட்டாள்.
குரல், என்றேன்.

கம்மலைக் கழற்றினாள்.

இனி தொண்ணூறு நாள்
ஆறரைக்கு யார் கூப்பிட்டாலும்
பதிவு செய்த ஒரு பெண்குரல்
அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும்.
இல்லை என்று சொல்லாது.
வேறு எவனும்
"சொல்லுடா" என்றும் சொல்லமாட்டான்.